நாலு படி அரிசி

கல்லூரிச் சாலையை அகலப்படுத்துவதற்காக வெட்டிப் போட்டது அறுபத்தாறாம் வருஷம். அரிசி கிடைக்காத வருஷமும் அதுதான். இடுப்பளவுப் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் கல்லூரி வாசல், அதை ஒட்டி உடையப்பனின் சைக்கிள் கடை, அடைக்கலமேரி அக்காவின் இட்லிக் கடை. குறுக்கே ஒரு பனந்தடி கிடந்தது. எல்லோரும் அதில்தான் தட்டுத் தடுமாறி நடக்க வேண்டும். உடையப்பன் இரண்டே வாரத்தில் கடையைப் பூட்டிவிட்டு ஒக்கூருக்குப் போய்விட்டார்.

அக்கா பூட்டவில்லை. பள்ளம் வெட்டும் பெத்தனைத் திட்டிக்கொண்டே கடை நடத்தினாள்.

"டேய் பெத்தா, எங்க ஆத்தா கல்லறையவா தோண்டுற? வெரசா மூடுடா."

"மூடுனா எனக்கு ஏதுக்கா வேலை?" என்று பெத்தன் பள்ளத்துக்குள்ளிருந்து பல்லைக் காட்டுவான்.

நான் அப்போது பி.ஏ. இரண்டாம் வருஷம். பனி பெய்யும் ஏதோ தேசத்துக் கதையின் மொழிபெயர்ப்பைப் படித்துக்கொண்டே நடப்பவன். ஒருநாள் அப்படிக் கால் போன போக்கில் முந்திரித் தோப்புக்குள் புகுந்துவிட்டேன். நிமிர்ந்து பார்த்தால், கல்லூரியின் பின்சுவர் ஓரிடத்தில் இடிந்து கிடந்தது. அந்த வழியில் பள்ளமும் இல்லை, பனந்தடியும் இல்லை. என் வகுப்பு அருள்பிரகாசத்திடம் மட்டும்தான் சொன்னேன். பத்து நாளில் தோப்புக்குள் சிவப்பாக ஒரு தடம் விழுந்துவிட்டது. கல்லூரி முழுக்க அதில் நடந்தது; வாசல் பக்கம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. பனந்தடியில் வந்தவன் நான் ஒருவன்தான்.

மத்தியானம் அரிசி நனையப் போடுவதற்கு முன்னால் அக்கா என்னைக் கேட்பது பழைய வழக்கம். என்றைக்கு விடுமுறை, என்றைக்கு வேலைநிறுத்தம் என்று நான்தான் சொல்லுவேன்.

"தம்பி, நாளைக்கு எம்புட்டுப் போடட்டும்?"

பள்ளம் வெட்டுமுன் நாலு படி. இப்போது அரைப்படியே அதிகம். அதைச் சொன்னால் ஏன் என்று கேட்பாள்.

"நாலு போடுங்கக்கா. ரோலர் வந்துருச்சு, நாளைக்கு எல்லாரும் வந்துருவாக."

"மாதா புண்ணியத்துல வரட்டும்யா."

மறுநாள் காலையில் அவித்து வைத்துக்கொண்டு பத்து மணி வரை தடியையே பார்த்துக்கொண்டிருப்பாள். மிஞ்சிய மாவு புளித்து, பக்கத்து வீட்டு மாட்டுத் தொட்டிக்குப் போகும். "நீ ஒருத்தந்தான் மறக்காம வார" என்று என் தட்டில் இரண்டு இட்லி கூடுதலாக விழும். தின்றேன். எட்டு நாள் தின்றேன்.

ஒன்பதாம் நாள் புதிதாக ஒரு சாக்கை அவிழ்த்து, அரிசியில் படியை அமுக்கினாள்.

"கல்லல் ஊருல இருக்க எந்தங்கச்சி, அவ புள்ளைகளுக்கு வச்சிருந்ததுல குடுத்தது. இது தீந்தா வேற இல்ல. சொல்லு, நாலா?"

சொல்லிவிட்டேன். தோப்பு, சுவர், அருள்பிரகாசம், எல்லாவற்றையும்.

"சுவரு இடிஞ்சது எனக்கும் தெரியும். மாட்டுக்காரி சொன்னா" என்றாள் அக்கா. குரல் உயரவே இல்லை. "வழி இருந்தா நடக்கத்தான் செய்வாக, அது ஒரு தப்பா? ஆனா வந்துருவாகன்னு நீ சொன்னியேப்பா. படிக்கிற புள்ள, வெவரம் தெரிஞ்சு சொல்லுதுன்னு நம்புனேன். வரமாட்டாகன்னு தெரிஞ்சும் நாலுன்னு ஏன்யா சொன்ன?"

நான் படித்த கதைகளில் இந்த இடத்தில் யாராவது அழுவார்கள். எனக்கு அழுகை வரவில்லை.

அவள் படியிலிருந்த அரிசியைச் சாக்கில் கொட்டி வாயைக் கட்டினாள். அடுப்பில் தண்ணீரைத் தெளித்தாள். தட்டியை இழுத்துச் சாத்தினாள்.

"ரோடு முடியிற வரைக்கும் தங்கச்சி வீட்டுல இருந்துக்கிறேன். இதையாச்சும் அவ புள்ளைக திங்கட்டும்."

"ஸ்டேஷன் வரைக்கும் நான் தூக்கியாரேன்க்கா."

"வேணாம்."

சாக்கைத் தலையில் ஏற்றிக்கொண்டு பனந்தடியில் கால் வைத்தாள். தடி உருண்டு அசைந்தது. நான் முன்னால் ஓடி, எதிர்க்கரையிலிருந்து கை நீட்டினேன். அவள் என் கையைப் பார்த்தாள். பிறகு கீழே பார்த்தாள்.

"டேய் பெத்தா, இங்குட்டு வந்து தடியப் புடி."

பெத்தன் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தான்.