முகம் பார்க்காத மாப்பிள்ளைக்கு ஒரு தொப்பி

டோலி அக்கா தன் மாப்பிள்ளையை நேருக்கு நேர் பார்த்ததே இல்லை. பார்க்கக் கூடாது. பேசக் கூடாது, பெயரைக்கூடச் சொல்லக் கூடாது. அவன் ஊர்க் கடையின் முன்வாசலில் நுழைந்தால் அக்கா பின்வாசல் வழியாக வெளியேறிவிடுவாள். எங்கள் பாலைவனத்தில் மாமியாரும் மருமகனும் ஒருவருக்கொருவர் தரும் மரியாதை அது. அதில் யாருக்கும் குறை இருந்ததில்லை.

இந்த வருடம்தான் அக்காவுக்கு அது பெரிய இடைஞ்சலாகிவிட்டது.

கோடை மழையின்போது அவள் மகள் லெனி காய்ச்சலில் நினைவிழந்தாள். வண்டி சேற்றில் புதைந்துகொண்டது. மாப்பிள்ளை ஆஷர், என் அண்ணன் மகன்தான், அவளை முதுகில் சுமந்து, இடுப்பளவு தண்ணீர் ஓடிய ஆற்றைக் கடந்து, டாக்டர் வரும் விமானம் இறங்கும் திடல் வரை நடந்தான். லெனி பிழைத்தாள். இப்போது முன்னைவிடக் கொஞ்சம் சதை போட்டிருக்கிறாள்.

“நான்தான் அவர்கிட்ட நன்றி சொல்லிட்டேனேம்மா” என்றாள் லெனி ஒருநாள்.

“நீ சொன்னது உன் நன்றி. என்னோடது இன்னும் என்கிட்டயேதான் கெடக்குது” என்றாள் அக்கா.

குளிர் தொடங்கியதும் பக்கத்து ஊர்ப் பெண்களோடு சேர்ந்து வறண்ட ஆற்றுமணலில் முகாம் போட்டோம். புல்லைக் கட்டுக் கட்டாகத் திரித்து, நாரால் சுற்றிச் சுற்றித் தைக்கிற வேலை. ஒருத்தி கூடை செய்தாள், ஒருத்தி நாய் பொம்மை, ஒருத்தி ஈமு கோழி பொம்மை. பாட்டு ஒரு பக்கம், சாம்பலில் வெந்துகொண்டிருந்த கங்காரு வால் ஒரு பக்கம். அக்கா மட்டும் யாருக்கும் காட்டாமல் போர்வைக்குள் வைத்து எதையோ தைத்தாள்.

பக்கத்தில் தைத்துக்கொண்டிருந்த ஆலிவ் போர்வையை இழுத்தாள். “என்னக்கா இது, ஆமையா?”

“தொப்பிடி. மாப்பிள்ளைக்கு. நாளைக்கு மாட்டுப் பண்ணைக்குக் கெளம்புறாரு. குளிர் முடியற வரைக்கும் வரமாட்டாரு. போறதுக்குள்ள குடுத்துடணும்.”

“தலை அளவு யாரு சொன்னது?”

“யாரு சொல்லணும்? மணல்ல அவரு கால் தடம் பாத்திருக்கேன். அவ்வளவு பெரிய பாதத்துக்குத் தலை மட்டும் சின்னதாவா இருக்கும்?”

லெனியிடம் கேட்டிருந்தால் ஒரு நொடியில் தெரிந்திருக்கும். ஆனால் லெனியின் வாயில் எதுவும் தங்காது. அதனால் அக்கா அவளிடம் மூச்சு விடவில்லை.

மறுநாள் காலை, பண்ணைக்குப் போகும் வழியில், ஆஷர் எங்களுக்குப் புல் கொண்டுவந்தான். தூரத்து மரத்தடியில் வண்டியை நிறுத்தி ஹாரன் அடித்தான். அக்கா போர்வையைத் தலையோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு திரும்பி உட்கார்ந்தாள். எங்களோடு தங்க வண்டியிலிருந்து இறங்கி ஓடிவந்த லெனி, பக்கத்தில் கிடந்த தொப்பியை எடுத்தாள். “உன் வீட்டுக்காரருக்குத்தான்” என்றாள் ஆலிவ்.

“அம்மா, இதுல அவரு தலை ரெண்டு போகும்.”

ஆலிவ் மணலில் புரண்டு சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை. “பிரிச்சுடறேன், குடு” என்று போர்வைக்குள்ளிருந்து கையை நீட்டினாள்.

“பிரிச்சா இன்னிக்கு முடியுமாக்கா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் நான் தொப்பியை வாங்கிக்கொண்டு ஆஷரிடம் நடந்தேன்.

ஆஷர் அதைத் தலையில் வைத்தான். மூக்குவரை இறங்கியது.

“அத்தை, எனக்கா இது?”

“பின்ன யாருக்கு? உன் மாமியார் செஞ்சது. லெனியத் தூக்கிட்டுப் போனியே, அதுக்கு.”

அவன் தொப்பியைக் கழற்றித் தையல்களை விரலால் தடவிப் பார்த்தான். ஒரு தையல்கூட விலகியிருக்கவில்லை.

“அன்னிக்கு ஆத்து நடுவுல எனக்குக் கால் வழுக்கிடுச்சு அத்தை” என்றான். “அவங்க பொண்ண விட்டுடக் கூடாதுன்னு மட்டும்தான் மனசுல ஓடுச்சு.”

பிறகு கழுத்தில் இருந்த கம்பளித் துண்டை அவிழ்த்துத் தலையில் இறுக்கிச் சுற்றினான். அதன்மேல் தொப்பியைப் பொருத்தினான். சரியாக உட்கார்ந்தது. வண்டியில் ஏறாமல், வெயில் விழுந்த இடத்துக்கு நடந்துபோய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

“அவங்களைப் பாக்கச் சொல்லுங்க அத்தை” என்றான், திரும்பாமலே.

நான் அக்காவிடம் வந்தேன். “முதுகு காட்டிக்கிட்டு நிக்கறான்க்கா. நீ பாக்கணும்னுதான்.”

“மொகம் தெரியாதுல்ல?”

“தெரியாது.”

போர்வை மெல்ல விலகியது. அக்கா பார்த்தாள். அவன் அசையவே இல்லை.

“நல்லா இருக்குடி” என்றாள் அக்கா. கண்களைத் துடைத்துக்கொண்டு மறுபடி போர்த்திக்கொண்டாள். வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. அது முற்றிலும் அடங்கும்வரை அப்படியே இருந்தாள்.

அப்புறம் போர்வையை உதறிப் போட்டுவிட்டு அவன் இறக்கிப்போன புல்கட்டுகளில் ஒன்றை இழுத்தாள்.

“லெனி, இங்க வா. அவரு தலை எவ்வளவு இருக்கும்? கையால காட்டு.”