நம்ம வீடு மாதிரி

மோர் வந்தது. வழக்கம்போல வீட்டுக்காரி செல்வலட்சுமியே, வேலை முடியும்வரை குடியிருக்கிற எதிர்த்த வாடகை வீட்டிலிருந்து தூக்குச்சட்டியில் கொண்டுவந்தாள். இஞ்சி நசுக்கிப் போட்டு, பெருங்காயம் மணக்கிற மோர். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, தவறவே தவறாது.

"நல்லாக் குடிங்க. வெயிலு மண்டையப் பொளக்குது. நம்ம வீடு மாதிரி நெனைச்சு வேலை பாருங்க" என்றாள். கூடத்துச் சுவரில் புதிதாக அடித்த மஞ்சளை ஆசையாகத் தடவிப் பார்த்துவிட்டுப் போனாள்.

அவள் தெருவைத் தாண்டும்வரை பொறுத்திருந்து, சித்தாள் பாண்டிசெல்வி தன் டம்ளரை மணல் குவியலில் கவிழ்த்தாள்.

"பூசுற சுவரெல்லாம் புளிக்கப் போவுது, பாரேன்" என்று சிரித்தாள்.

வெள்ளத்தாய்க்குச் சிரிப்பு வரவில்லை. அவளும் இத்தனை நாளாய் அப்படிக் கவிழ்த்தவள்தான். குடித்தால் ஒண்ணுக்கு வரும். வந்தால் போக இடமில்லை. மாமனார் காலத்து இந்த வீட்டில் முதல் வேலையாக இடித்தது கொல்லைக் கக்கூஸைத்தான். அந்த இடத்தில் ஊஞ்சல் வரப்போகிறதாம். பின்மனைக்காரர் கம்பிவேலி போட்டுக் கேமராவும் மாட்டிவிட்டார். ஆம்பளைகளுக்கு முருங்கைமரத்தடி இருக்கிறது. சித்தாள் பெண்கள் இருட்டோடு தங்கள் ஊரான கூமாப்பட்டியில் போய்விட்டு வந்தால், மறுபடி ஊர் திரும்பி இருட்டில்தான்.

ஒரு மாதமாக அவளுக்கு நீர்க்கடுப்பு. "தண்ணி குடிக்காம அடக்குனேன்னா கிட்னிக்குப் போயிரும்மா" என்று ஆஸ்பத்திரி டாக்டரம்மா திட்டி அனுப்பியிருந்தாள். இன்று விடியலில் சிவப்பாகப் போனது. பயந்துபோய், மோரை மடமடவென்று குடித்தாள்.

மாடிக்கு டைல்ஸ் பெட்டி சுமக்கையில் அடிவயிறு பிடித்து இழுத்தது. மாடியில் பிள்ளைகள் அறையை ஒட்டிய பாத்ரூம் முடிந்துவிட்டிருந்தது. சுவரெல்லாம் நீல மீன்கள். போன வாரம் அவள் கேட்டும் பார்த்தாள். "இன்னும் பால் காய்ச்சலியே வெள்ளத்தாயி. எங்க வீட்டு ஆளுகளே போகல" என்று செல்வலட்சுமி பதறிவிட்டாள்.

வெள்ளத்தாய் பெட்டியை இறக்கிவைத்தாள். உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள். எரிச்சலில் கண்ணில் நீர் வர, மீன் போட்ட சுவரைப் பிடித்துக்கொண்டாள். பிறகு வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு வெளியே வந்தாள்.

திரைச்சீலைக்கு அளவெடுக்க வந்த செல்வலட்சுமி, டேப்போடு நின்றிருந்தாள்.

"உள்ள என்ன செஞ்ச?"

"ஒண்ணுக்குப் போனேம்மா."

"எம்பிள்ளைக்குன்னு பாத்துப் பாத்துக் கட்டுன எடம்." அவள் பாத்ரூமுக்குள் எட்டிப் பார்த்தாள். "ஒனக்கு எப்பிடி மனசு வந்துச்சு?"

"இந்த மீனு அம்புட்டும் எந்தலையில ஏறித்தாம்மா மாடிக்கு வந்துச்சு. நம்ம வீடு மாதிரி நெனைக்கச் சொன்னீக. நெனைச்சேன்."

படிக்கட்டில் பாண்டிசெல்வி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். செல்வலட்சுமி போனை எடுத்தபடி கீழே இறங்கினாள்.

மத்தியானம் ஆட்டோவில் புதுக் கம்மோடு வந்தது. பழையது என்று கழற்றிப்போட்டதில் கம்பெனி ஸ்டிக்கர்கூட உரிக்கவில்லை. கொத்தனார் மாரிச்சாமி வெள்ளத்தாயின் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"இதைக் கீழ எறக்கிரு தாயி. பொறவு... நாளையிலருந்து நீ வர வேண்டாமின்னுட்டாக."

"நீரு நெதமும் முருங்கை மூட்டுல போறீரே அண்ணாச்சி. அந்த மரத்தை வெட்டிப் போடச் சொல்லலையாக்கும்?"

மாரிச்சாமி தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி, மறுபடி தோளிலேயே போட்டார்.

வெள்ளத்தாய் சும்மாட்டைச் சுற்றித் தலையில் வைத்தாள். இரண்டு பேர் தூக்கிவிட்டார்கள். கழுத்து நரம்பு புடைக்க, ஒரு கையால் சுவரைத் தொட்டுத் தொட்டுப் படி இறங்கி, இடிசல் குவியல் பக்கம் இறக்கினாள்.

"இதை நான் வீட்டுக்குக் கொண்டுபோறேன். எங்க வீட்டுல குழி மட்டும் வெட்டிக் கெடக்கு."

"நானும் கேட்டுட்டேன். ஒடைச்சுத்தான் போடணுமாம்." மாரிச்சாமி சம்மட்டியை நீட்டினார்.

முதல் அடிக்கு அது அசையவில்லை. இரண்டாவது அடிக்குக் கீறல் விட்டது. அதற்குப்பின் அவள் நிறுத்தவே இல்லை. கட்டியெல்லாம் சில்லாகி, சில்லெல்லாம் தூளான பிறகும் அடித்தாள். மாரிச்சாமிதான் வந்து கையைப் பிடித்தார்.

சாயங்கால மோரும் வந்தது. செல்வலட்சுமி யாரையும் பார்க்காமல் தூக்குச்சட்டியை வாசற்படியில் வைத்தாள். "எல்லாரும் குடிங்க. அவளுக்கும் குடுங்க, பாவம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள்.

வெள்ளத்தாய் ஒரு டம்ளர் மொண்டு குடித்தாள். மறுபடி மொண்டாள். தாடையில் வழிந்ததைக்கூடத் துடைக்கவில்லை.

"யக்கா, போதும்."

"எனக்கென்னட்டி இனிமே? இந்தா கெளம்பிட்டேன். தெருமுக்கு தாண்டிட்டா ஆரு என்னைக் கேக்கப் போறா? நீ குடி."

பாண்டிசெல்வி டம்ளரை வாய்வரை கொண்டுபோனாள். வெடித்த உதட்டை நாக்கால் தடவிக்கொண்டாள். மாடியில் புதுக் கம்மோடுக்குச் சுவரைத் துளைக்கிற சத்தம் கேட்டது. இருட்டும்வரை அவளுக்கு வேலை கிடந்தது. நாளைக்கும் இங்கேதான் வேலை.

டம்ளரை மெல்ல மணலில் கவிழ்த்தாள்.