சம்பந்தி கொண்டுவந்த கறி

மாப்பிள்ளை வீட்டார் காரை விட்டு இறங்கியபோது ஓர்மோன் புதுச்சட்டையோடு வாசலில் நின்றிருந்தார். நாரின் மலைச்சரகத்தின் வனக்காவலர் அவர். மகள் பெகாயிமுக்கு இன்று காதணி போடும் சடங்கு. மாமியாராகப் போகிறவள் தன் கையால் கம்மலை மாட்டிவிட்டால் பெண் அந்த வீட்டுக்கு உரியவள். அதற்குமுன் இரு வீட்டாரும் ஒன்றாக உட்கார்ந்து கறி உண்ண வேண்டும்.

சம்பந்தி சாதிர்பெக் கார் டிக்கியைத் திறந்து துணியை விலக்கினார்.

"செம்மறிக்கறியை ஊரே கொண்டுவரும். மலைக்காரர் வீட்டுக்கு மலைக்கறி! மாப்பிள்ளையே சுட்டது, சம்பந்தி!"

குளம்பைப் பார்த்ததுமே ஓர்மோனுக்குத் தெரிந்தது, மலையாடு. பெட்டை. போன குளிரில் மந்தை பாதியாகிப்போனதால் அரசாங்கம் வேட்டையை நிறுத்தியிருந்தது. வீடு வீடாகப் போய்ச் சொன்னவரே ஓர்மோன்தான்.

"உங்க வீட்டுல டீ குடிச்சுக்கிட்டே சொன்னேனே, சம்பந்தி."

"அது ஊராருக்குச் சொன்னது. நமக்குள்ள என்ன தடை? தின்னா எலும்பு மிஞ்சும், எலும்புக்கு நாய் இருக்கு. முடிஞ்சுபோச்சு!"

பின்னால் நின்ற மாப்பிள்ளை எல்தியார் தொப்பியைக் கழற்றினான். "நீங்க சந்தோஷப்படுவீங்கன்னு நெனச்சேன், மாமா."

ஓர்மோனுக்குக் கோபம் வரவில்லை. துக்கமும் வரவில்லை. வெகுநேரம் பனியில் கிடந்த கைபோல உள்ளே ஏதோ மரத்துப்போயிருந்தது. மனைவி குல்சுன் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"இன்னிக்கு ஒரு நாள் கண்ணை மூடிக்குங்க. நம்ம பொண்ணு வாழ்க்கை."

அவர் போனை எடுத்தார். பேசியது யாரோபோல இருந்தது.

"ஓர்மோன் பேசறேன். ஒரு கேஸ். என் வீட்டு வாசல்லதான். சுட்டது யாரா? எனக்கு மாப்பிள்ளையா வரப்போற பையன்."

எல்தியாரின் தாய் கம்மல் டப்பாவைக் கைப்பைக்குள் போட்டு மூடினாள். "பொண்ணு தங்கந்தான். அப்பன்தான் அரசாங்கமாப் பொறந்துட்டான்."

சாதிர்பெக் கறியை வாசலிலேயே இறக்கிப்போட்டார். "நல்லாப் பாதுகாத்து வெச்சுக்குங்க!" என்று சொல்லி வண்டியைக் கிளப்பினார். எல்தியார் மட்டும் ஏறவில்லை.

"துப்பாக்கி வீட்டுல இருக்கு, மாமா. எடுத்துட்டு வந்து ஒப்படைச்சுடறேன்."

தலையைக் குனிந்தபடி நடந்தே போனான். திரும்பி வருவானா, வந்தாலும் எந்த முகத்தோடு வருவான் என்றெல்லாம் ஓர்மோன் யோசிக்கவில்லை. அலுவலகத்து வண்டி வருவதற்குள் கறியை எடைபோட்டாக வேண்டும். தொங்குதராசைக் கொண்டுவந்தார். தொடையை ஒற்றை ஆளாகத் தூக்க முடியவில்லை.

பட்டுக்கவுனின் கையை மடித்துவிட்டுக்கொண்டு பெகாயிம் வந்தாள். மறுமுனையைத் தூக்கிக் கொக்கியில் மாட்டினாள்.

அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் தராசைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஆட்டாம புடிங்கப்பா," என்றாள். "முள்ளு நிக்க மாட்டேங்குது."