கால் இல்லாதவளின் பொட்டு

“அந்தப் பேய்க்குக் கடைசியில ஆரும் சோறு குடுத்தவையோ?”

எட்டு வயதில் சாருஜா கேட்ட கேள்வி இது. கேட்டது பிரெஞ்சில், மனதுக்குள் முளைத்தது தமிழில். சுவிட்சர்லாந்தின் லா ஷோ-து-ஃபோன் நகர நூலகத்தில், பள்ளிக்கூடம் இல்லாத ஒரு புதன்கிழமைப் பிற்பகலில் அது நடந்தது. அம்மா இரத்தினம்மா கடிகாரத் தொழிற்சாலையில் வேலை முடித்து வரும்வரை பிள்ளை நூலகத்தில் இருப்பது வழக்கம். அன்று அங்கே ஒரு மேசை போட்டிருந்தார்கள். ஜப்பானிலிருந்து வந்த படக்கதைக்காரர் ஒருவர், தான் வரைந்த தாள்களைப் பரப்பி வைத்துக்கொண்டு, ஒருவரும் வராத மேசைக்குப் பின்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மொழிபெயர்க்கும் பெண் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள்.

கதையில் வசனமே இல்லை. பட்டினியால் செத்த ஒரு பெண் வெறுங்கிண்ணத்தோடு வீடு வீடாகப் போகிறாள். அவளைக் கண்டவர்கள் கதவைச் சாத்துகிறார்கள். சாருஜா அசையாமல் நின்று பார்த்தாள். அதற்கு முந்திய வாரம் சமையலறையில் அம்மாவோடு கதைத்த ஒரு மாமி, “படையல் போடாத ஆவி பசியோடதான் திரியும், இரத்தினம்” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். யாழ்ப்பாணத்துப் போர்க்காலத்தில் கிளாலிக் கடலைக் கடக்க வள்ளம் ஏறிய அப்பா திரும்பி வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. ஆகவே வீட்டில் அவருக்குப் படையலும் இல்லை.

கேள்வியை மொழிபெயர்த்துக் கேட்டதும் அந்த மனிதர் பிள்ளையைப் பார்த்தார். பிறகு, பரப்பாமல் உறைக்குள் வைத்திருந்த ஒரு தாளை எடுத்தார். பதினாறாவது பக்கம். அதில் ஒரு கதவு கொஞ்சம் திறந்திருந்தது. உள்ளிருந்து நீண்ட ஒரு கை, வாசலில் நின்ற அந்தப் பெண்ணின் கிண்ணத்தில் சோறு போட்டது. அவர் தாளின் பின்பக்கத்தில் நீலப் பென்சிலால் என்னவோ எழுதி, இரண்டு கையாலும் நீட்டினார். அம்மா வந்து கூப்பிடும்வரை சாருஜா அந்தச் சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று இரவு, மாதக்கணக்கில் முதல் தடவையாக, அவள் விடியும்வரை தூங்கினாள்.

இதெல்லாம் நடந்து இருபத்தேழு வருடமாகிவிட்டது.

இப்போது சாருஜா ஓல்ட்டன் நகரில் ஒரு சிறிய படக்கதை அருங்காட்சியகத்தின் கீழ்த்தளப் பட்டறையில் வேலை செய்கிறாள். பழைய தாள்களைச் சுத்தம் செய்வதும், கறையெடுப்பதும், அட்டைச் சட்டம் வெட்டி மாட்டுவதும் அவள் வேலை. இந்த மாதக் கண்காட்சி, அன்று அந்தத் தாளைக் கொடுத்த ஒகிமோத்தோ சதாஜியுடையது. சுவரில் ஒட்டும் வாழ்க்கைக் குறிப்பை அச்சிட்டு வெட்டியதும் அவள்தான். விடியற்காலையில் மீன் சந்தையில் பெட்டி இறக்கி, பகலில் வரைந்த இளைஞர். இருநூறு பிரதிகள் அச்சடித்து, தன் கையாலேயே கம்பி தைத்து, ரயில் நிலைய வாசலில் நின்று விற்றவர். பெரிய பதிப்பகங்கள் திரும்பிப் பார்க்காத மனிதர். நாற்பத்து நான்காவது வயதில் வந்த ‘வெறுங்கிண்ணம்’ என்ற கதை அவரைத் தூக்கி நிறுத்தியது. பதினைந்து பக்கம். சாத்திய கதவோடு முடிகிறது. ‘ஒருபோதும் கதவைத் திறக்காத கலைஞர்’ என்று விமர்சகர்கள் எழுதினார்கள். பதிப்பாளர்களும் அந்தப் பெயருக்கு ஏற்ற கதைகளையே கேட்டார்கள். அவரும் இருபத்தைந்து வருடமாகச் சாத்திய கதவுகளாகவே வரைந்து கொடுத்தார்.

அந்தக் கதைக்குப் பதினாறாவது பக்கம் உண்டு என்று இந்த ஊரில் தெரிந்தவள் சாருஜா ஒருத்திதான். அதை எப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நினைப்பாள். வாய் வராது. காரணம் வெட்கம். கையுறை இல்லாமல் ஒருவரையும் ஒரு தாளையும் தொட விடாதவள் அவள். அவளுடைய வீட்டிலோ, ஒரு கலைஞரின் மூலத்தாள் சாமிப்படங்களுக்கு நடுவில், விளக்குப் புகை குடித்துக்கொண்டு, நெற்றியில் சந்தனமும் குங்குமமுமாக நிற்கிறது. அம்மா அதைச் ‘சப்பான் அம்மன்’ என்றுதான் சொல்வாள்.

கண்காட்சியின் கடைசி நான்கு நாளும் ஒகிமோத்தோ மேலே உட்கார்ந்து, பார்வையாளர் முன்னால் வரைவதாக ஏற்பாடு. ஆனால் அவர் உட்காரவில்லை. நடந்தார். பழைய மரத்தளம். ஒவ்வொரு காலடியும் கீழே பட்டறையில் விழுந்தது. ஜன்னல்வரை பதினொரு அடி. திரும்பி மேசைவரை பதினொரு அடி. ஒரு நிமிடம் அமைதி. தாள் கிழியும் சத்தம். மறுபடியும் பதினொரு அடி. வியாழக்கிழமை மத்தியானத்துக்குள் சாருஜா இரண்டு அட்டைகளைப் பிழையாக வெட்டிவிட்டாள்.

நாலு மணிக்கு அவரே படியிறங்கி வந்தார். ஊர் ஊராகப் போய்ப் பழகிய உடைந்த பிரெஞ்சு அவரிடம் இருந்தது.

“என் நடை உங்களுக்குத் தொந்தரவா?”

“இல்லை, ஐயா.”

“பொய் சொல்கிறீர்கள்,” என்று சிரித்தார். வெட்டிக் கெடுத்த அட்டைகளைப் பார்த்துவிட்டார். “என்னிடமும் கொஞ்சம் குப்பை இருக்கிறது. கையாகவே வரைந்து குவித்திருக்கிறேன்.”

“கையா?”

“கதவைத் திறக்கிற கை. என் கடைசிப் புத்தகத்துக்கு. ஒருமுறை வரைந்தேன். இப்போது வரைந்தால் எல்லாம் திருடனுடைய கையாக வருகிறது. எடுக்க வருகிற கை. கொடுக்கிற கை எப்படி இருக்கும் என்பது எனக்கு மறந்துவிட்டது.”

சாருஜா வெட்டுக்கத்தியைக் கீழே வைத்தாள். “அந்தப் பழைய தாள்?”

“இதழாசிரியர் அதைக் கழற்றச் சொன்னார். ‘இது பேய்க்கதை, அன்னதானம் இல்லை’ என்றார். அப்போது எனக்கு வாடகைக்கும் வழியில்லை. சம்மதித்துவிட்டேன். அந்தத் தாளை ஒரு சிறுமிக்குக் கொடுத்தேன். அவள் ஒருத்திதான் கேட்டாள்.”

“தேடிப் பார்க்கலாமே?”

“கொடுத்ததைத் திருப்பிக் கேட்பதா?” அவர் முகம் சுருங்கியது. “ஞாயிற்றுக்கிழமைவரை பார்க்கிறேன். வராவிட்டால் இந்தப் புத்தகமும் சாத்திய கதவோடு போகட்டும். பேனாவையும் வைத்துவிடுவேன்.” மெல்லிய தாள் பத்து வாங்கிக்கொண்டு படியேறினார். பதினொரு அடி மறுபடி தொடங்கியது.

‘நான்தான்’ என்று சொல்லாமலே சாருஜா கெட்ட அட்டைகளைக் குப்பையில் போட்டாள். அருங்காட்சியக மேலாளர் திருமதி எக்கருக்குச் சொன்னாலோ அடுத்த நாளே பத்திரிகைக்காரர்கள் வந்து நிற்பார்கள். காணாமற்போன பக்கம், கண்டெடுத்த பெண், படம், கைதட்டு. பசித்த பிள்ளைக்கு ஒருவர் ஓசையில்லாமல் கொடுத்த பிடி சோற்றை ஊரைக் கூட்டியா திருப்பிக் கொடுப்பது?

வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகிற திரிம்பாக் பஸ்ஸைப் பிடிக்க ஓடி, எதிர்ப்பக்கம் போகிற பஸ்ஸில் ஏறிவிட்டாள். இறங்கி நடந்தே போனாள். இரத்தினம்மா கோயிலுக்குப் போய்வந்து, சாமியறையில் விளக்கேற்றிக்கொண்டிருந்தாள்.

“என்ன பிள்ளை, நாய் துரத்தினதுபோல வாறாய்?”

“அம்மா, அந்தச் சப்பான் படத்தை வரைஞ்சவர் ஓல்ட்டனுக்கு வந்திருக்கிறார்.”

“ஓமோ! ஆள் எப்பிடி? பேயைப் போலவோ?”

“பல்லுவைத்தியர் மாதிரி இருக்கிறார்.”

“அது பேயைவிடப் பயமெல்லோ.” இரத்தினம்மா சிரித்தபடி திரியைத் தூண்டினாள். சாருஜா சிரிக்கவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடிக்கும்போது கடைசியாக மிஞ்சியதும் வந்தது.

“அம்மா, கோவிக்காதேங்கோ. அது அம்மன் இல்லை. அது ஒரு பேய்.”

இரத்தினம்மா திரும்பிப் பார்த்தாள். “எனக்குத் தெரியாதெண்டு நினைச்சியோ? நீ கொண்டுவந்த அண்டைக்கே பாத்தன். அவளுக்குக் கால் இல்லை. அம்மனுக்குக் கால் இல்லாமல் இருக்குமே?”

“அப்ப ஏன் பொட்டு வைச்சனீங்கள்?”

தாய் விளக்குக்கு எண்ணெய் விட்டாள். விளக்கு ஒருமுறை படபடத்து நின்றது.

“உன்ர கொப்பருக்குப் படைக்க எனக்கு மனம் வரேல்லை. படைச்சால் ஆள் செத்துப்போச்சு எண்டு நானே ஒத்துக்கொண்ட மாதிரி. படைக்காட்டில் மனுசன் பசியோட திரியுமோ எண்டும் நெஞ்சு பதறும். அந்த நேரம் நீ இவளைக் கொண்டந்தாய். சரி, இவளும் ஆரோ பெத்த பிள்ளைதானே, இவளுக்கு வைப்பம் எண்டு வைச்சன். இவள் சாப்பிட்டால் அவருக்கும் போய்ச் சேரும் எண்டொரு நம்பிக்கை. பொட்டும் அப்பிடித்தான். வெறும் நெத்தியோட ஒருத்தியை நிக்கவிடக் கூடாது.”

சாருஜா அந்தப் பொட்டை நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை வருடம் அம்மாவின் அறியாமை என்று தான் மறைத்து வெட்கப்பட்டது எது என்று இப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

“இப்ப இதை நான் கொண்டுபோனால், அம்மா...”

“கொண்டுபோ. எங்கட பசி ஆறிற்றுது. அந்த மனுசன் இன்னும் பசியோட நிக்குது.” இரத்தினம்மா படத்தைக் கழற்றி, சேலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்தாள். பிறகு, “அவர் வயசு போனவர். சாப்பிட்டவரோ?” என்று கேட்டாள்.

சனிக்கிழமை முழுவதும் தாள் பட்டறை மேசையில் விளக்கின் கீழே கிடந்தது. மேலே காலடி ஓயவில்லை. சாருஜா மெல்லிய தூரிகையால் திருநீற்றையும் புகைக்கரியையும் தட்டியெடுத்தாள். மஞ்சள் பூத்த கரையை ஈரப்பதம் கொடுத்துத் தட்டையாக்கினாள். நெற்றிக்கு வந்ததும் கை நின்றது. படச்சட்டம் வாங்குவதற்கு முந்திய வருடங்களில் அம்மாவின் விரல் நேராகத் தாளில் தொட்ட சந்தனம் அது, நடுவில் குங்குமம். கரைப்பானில் நனைத்த பஞ்சு இரண்டு தடவை தொட்டால் போய்விடும். படித்த படிப்பு அதைத்தான் சொன்னது. மூலத்தாளில் கலைஞர் வைக்காத புள்ளி ஒன்று இருக்கக்கூடாது. அவள் பஞ்சை எடுத்தாள், வைத்தாள், எழுந்து நடந்தாள். மேலே அவர் பதினொரு அடி நடந்தார். கீழே அவள் ஏழு அடி நடந்தாள்.

நடக்க நடக்க ஒன்று அவளுக்குப் பட்டது. வரைந்தவர் கதவைத் திறக்கிற கையை வரைந்தார். அந்தக் கையை நம்பி இன்னொரு கை வந்து பொட்டு வைத்தது. முதலாவதை வைத்துக்கொண்டு இரண்டாவதைத் துடைப்பது எந்த நியாயம்?

பஞ்சைக் குப்பையில் போட்டுவிட்டு, தாளைத் திருப்பினாள். பின்பக்கத்து நீலப் பென்சில் எழுத்து மங்கவேயில்லை. பல வருடத்துக்கு முன் ஜப்பானிய மாணவி ஒருத்தியிடம் காட்டி வாசித்தறிந்த ஒரே வரி: ‘கேட்டவளுக்கு.’

ஞாயிற்றுக்கிழமை காலை, அருங்காட்சியகம் திறக்க ஒரு மணி நேரம் இருக்கும்போது சாருஜா மேலே போனாள். அறையில் ஒருவரும் இல்லை. சுவரில் பதினைந்தாவது பக்கத்துச் சாத்திய கதவு ஆளுயரத்துக்கு நின்றது. மேசைக்கடியில் கசக்கிய தாள்கள் கணுக்கால் உயரம். அவள் பதினாறாவது பக்கத்தை வெறுந்தாள் கட்டுக்கு மேலே, படம் மேலே தெரிய வைத்தாள். பக்கத்தில் அம்மா கட்டித் தந்த சிறிய டப்பா, இன்னும் சூடாறாத புளிச்சாதம். பெயர் எழுதவில்லை. வந்த வழியே இறங்கி, பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பத்து மணிக்கு மேல்தளத்துக் கதவு திறந்தது. காலடி வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. ஆறாவது அடி விழவில்லை.

சாருஜா வெட்டுக்கத்தியைப் பிடித்தபடி நின்று கேட்டாள். வெகுநேரம் மேலே ஒன்றும் அசையவில்லை. பிறகு உட்காருவதற்காகக் கதிரை ஒன்று மெல்ல இழுபடும் சத்தம். டப்பாவின் மூடி கழலும் சின்னக் கிளிக். அதற்குப் பிறகு நாள் முழுவதும் தளத்தில் நடை இல்லை. கூர்ந்து கேட்டால் மட்டும், தாளில் பேனா போகும் மெல்லிய கீறல்.

அவள் புதிய அட்டை ஒன்றை எடுத்து அளந்து, பிழையில்லாமல் வெட்டினாள்.