ஒரு பெட்டரி புதிது, ஒன்று பழையது

அப்துல் ஸமட் கட்டாரிலிருந்து லீவில் வந்து மூன்று வாரமாகியும், அவன் கொண்டுவந்த சின்ன டோர்ச்சின் பேச்சு வீட்டில் ஓயவில்லை. விரல் நீளம்தான் இருக்கும். உள்ளே கமெராவுக்குப் போடுகிற லிதியம் பெட்டரி இரண்டு. அமுக்கினால் முற்றத்துத் தென்னையில் குரும்பைகளை எண்ணலாம். தொண்ணூற்றாறாம் ஆண்டின் மின்வெட்டுக் காலம் அது. பொழுதுபட்டு லைட் போனதும் மாமி சபூறா, "சின்ன மருமகன் எங்க, அந்த டோர்ச்சக் கொண்டாங்க" என்பார்.

றாஸிக் மூத்த மருமகன். கல்முனை பஸாரில் ஒரு ஸ்டூடியோவில் படம் பிடிக்கிறவன். ஆறு வருடமாக அந்த வீட்டில் பெற்றோல்மாக்ஸ் விளக்கை ஏற்றியது அவன்தான். இப்போது அது மூலையில் கிடந்தது. அவன் மனைவி ஹாஜறாகூடத் தங்கையின் புருசனிடம் டோர்ச்சை வாங்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். அன்றிரவு றாஸிக் பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டான்.

ஒரு வெள்ளிக்கிழமை ஸமட் டோர்ச்சை, தான் அண்ணன் முறையில் காக்கா என்று அழைக்கும் றாஸிக்கிடம் நீட்டினான். "காக்கா, பெட்டரி முடிஞ்சி. உங்கட கடையில இரிக்குமா?"

"ஓம், இரிக்கும். தாங்க."

கடையில் நல்ல கம்பனிப் பெட்டரி இல்லை. கொழும்பிலிருந்து வந்த, பெயரில்லாத மலிவுச் சரக்குத்தான் கிடந்தது. முதலாளி முகைதீன்பாவா அதை விற்கும்போதெல்லாம் ஒன்று சொல்லுவார்: "சோடியாத்தான் குடுக்கணும். புதிசோட பழசக் கலந்தா சூடேறி வெடிக்கும். நல்ல சாமானே வெடிக்கும், இது எம்மாத்திரம்." இரண்டாக விற்பதற்கான வியாபாரப் பேச்சு என்றே றாஸிக் நினைத்திருந்தான்.

புதிதில் ஒன்றை எடுத்தான். மற்றதற்கு, யாரோ ஒருவரின் கமெராவிலிருந்து கழற்றிப் போட்ட பழையதை எடுத்தான். அவன் விரும்பியது பெரிதாக ஒன்றுமில்லை. எல்லாரும் பார்த்திருக்க அந்த வெளிச்சம் மங்க வேண்டும். மாமி, "பெரிய மருமகன், பெற்றோல்மாக்ஸக் கொளுத்துங்க" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

அடுத்த நாள் காலை டோர்ச்சை ஸமட்டிடம் திருப்பிக் கொடுத்தான். பகல் மாவடிப்பள்ளி வயலில் இருந்து நெல் வந்தது. நெல் அறைக்கு ஜன்னல் இல்லை; ஸமட் ஒரு கையில் டோர்ச்சைப் பிடித்திருந்தான். பழைய மூட்டைகளை எலி அரித்திருந்தது. றாஸிக் ஒரு பக்கமும் ஸமட் மறுபக்கமும் பிடித்து மூட்டைகளை நகர்த்தினார்கள். வாசலில் மாமியும் ஸமட்டின் மனைவி சிபானாவும் நின்றார்கள்.

சிறிது நேரத்தில் ஸமட், "என்ன காக்கா, இது கொஞ்சம் சுடுது" என்றான். ஆனால் இரண்டு கையும் தேவைப்பட்டது. டோர்ச்சைப் பல்லில் கவ்விக்கொண்டு குனிந்தான்.

றாஸிக்கின் காதுக்குள் முதலாளியின் குரல் கேட்டது. சொல்லிவிடலாமா? சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். அந்த யோசனையில் அவன் நின்ற நேரம் மூன்று மூச்சு இருக்கும். அதற்குள் டோர்ச்சிலிருந்து சீறுகிற சத்தம் வந்தது. அவன் மூட்டைமேல் பாய்ந்து ஸமட்டின் முகத்தில் ஓங்கி அடித்தான். டோர்ச் சுவரில் பட்டு, வேட்டுப்போல் வெடித்தது. வெள்ளைப் புகை நெஞ்சை எரித்தது. இருமிக்கொண்டே ஸமட்டை வெளியே இழுத்து வந்தான். ஸமட்டின் மேலுதடு வெந்திருந்தது. றாஸிக்கின் உள்ளங்கையிலும் தோல் உரிந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் மருந்து கட்டி வந்து சாப்பிட உட்கார்ந்தபோது, மாமி மீனின் நடுத்துண்டை றாஸிக்கின் பீங்கானில் வைத்தார். "என்ட மூத்த மருமகன் இல்லாட்டி என்ட புள்ளட வாழ்க்க இண்டைக்கு என்னாகியிரிக்கும்?"

ஆறு வருடமாகக் கேட்க ஏங்கிய சொல். ஸமட்டுக்கு அது கேட்டதா என்று றாஸிக்கின் கண் தானாகத் திரும்பிப் பார்த்தது. பஞ்சு ஒட்டிய உதட்டோடு அவன் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். றாஸிக்குக்குத் தன்மேலேயே அருவருப்பாயிற்று.

"மாமி, நான்தான் பழைய பெட்டரியக் கலந்து போட்ட. தெரிஞ்சிதான் போட்ட. இவர்ர டோர்ச் மங்கட்டும் எண்டு."

ஹாஜறா எழுந்து குசினிக்குள் போனாள். ஸமட் கோப்பையை வைத்தான்.

"அத நான் வாயில வெச்சிரிந்தன், காக்கா."

அவ்வளவுதான் சொன்னான். அதன்பிறகு இரண்டு வாரம் றாஸிக்கோடு கதைக்கவில்லை. மாமி சோறு போட்டார், முகம் பார்க்கவில்லை.

கட்டார் போக இன்னும் நாலு நாள் இருக்கையில், ஸமட் ஸ்டூடியோவுக்கு வந்தான். கட்டாரில் விசா புதுப்பிக்கப் படம் வேண்டுமாம். அந்தத் தெருவில் வேறு மூன்று ஸ்டூடியோ இருந்தன.

ஸ்டூலில் உட்காரவைத்து றாஸிக் கமெராவுக்குள் பார்த்தான். உதட்டுக்கு மேல் தோல் இளஞ்சிவப்பாய் ஆறியிருந்தது. கீழே கட்டாரில் வாங்கி உடுத்திருந்த புதுச் சேட். இதன் விலை என்ன இருக்கும் என்று மனம் ஓடியதை அவனே கண்டு, கண்ணை மேலே கொண்டுவந்தான்.

"படத்துல வடு விழும். நெகடிவ்ல டச் பண்ணி எடுத்திரவா?"

"வேணா. இரிக்கிறபடி பிடிங்க" என்றான் ஸமட்.