ஏழும் ஒன்றும்

அறையில் நான்கு பேர் இருந்தோம். மேசைக்கு அந்தப் பக்கம் நிலைய மேலாளர். எதிரில் மாமா, அவருக்கு இடப்பக்கம் அக்கா, கைப்பையை மடியில் வைத்தபடி. எழுத வேண்டியவன் நான் என்பதால் மேசையின் ஓரம் எனக்கு. நேயர் கடிதங்களுக்குப் பதில் எழுதுவதுதான் அந்த வானொலியில் என் வேலை.

மாமா பத்தொன்பது வருடமாகக் காலை நிகழ்ச்சி நடத்துகிறவர். அவர் மணி சொன்னால் ஊர் குளிக்கும், அடுத்த மணிக்குச் செருப்பு மாட்டும். திங்கட்கிழமை ஏழு பத்துக்கு அவர், “மணி எட்டு, இன்னுமா தூக்கம்?” என்றார். தலை துவட்டாமல் பேருந்துக்கு ஓடியவர்கள் எழுதிய கடிதங்கள் என் மேசையில் கிடக்கின்றன. இப்படி நடப்பது மூன்றாவது முறை.

முதல் இரண்டும் அவர் பிழை. அதற்குப் பிறகு அக்கா கெஞ்சியதால், தினமும் ஒலிபரப்பு அறையின் கண்ணாடிக்கு வெளியே நின்று நான் விரல் காட்டினேன். மணி எத்தனையோ அத்தனை விரல். மடக்கிவிட்டு, பத்து நிமிடத்துக்கு ஒரு விரல். திங்களன்று ஏழு விரலையும் மடக்காமலே இன்னொன்றை நீட்டிவிட்டேன். மாமா சரியாகத்தான் எண்ணினார். இதைச் சொன்னால் அவருக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

“கண்ணாடி மாத்தினா சரியாயிடும் சார்,” என்றாள் அக்கா.

“கண்ணு நல்லாத்தான் இருக்கு,” என்றார் மாமா, ஒலிபரப்பில் பேசும் அதே இழுப்போடு. “முள்ளு ரெண்டும் தெரியுது. அது என்ன சொல்லுதுன்னுதான் தெரியல. நேத்து இவளையே யாருன்னு கேட்டேன். இத்தனை வருஷம் கழிச்சு நல்ல கேள்விதானே மாப்ளே?”

“சும்மா இருங்க,” என்றாள் அக்கா.

மேலாளர் பேனாவின் மூடியைத் திறந்து என்னிடம் தள்ளினார். “உடம்பு சரியில்லைன்னு அவரே விலகுற மாதிரி எழுதுங்க தம்பி. தலைமை அலுவலகத்துல மரியாதையா முடிச்சிடுவாங்க.”

தேதி, பெறுநர், பொருள் என்று வரிசையாக எழுதினேன். மாமா வாங்கி, நேயர்களுக்குப் போடுவது போல வால் சுழித்துக் கையெழுத்துப் போட்டார். பிறகு தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“எந்தப் பாட்டு கேட்டிருக்காங்க?”

அக்கா தாளை மெல்ல வாங்கி மடித்தாள்.

“பழைய பாட்டுங்க,” என்றாள்.

“நாளைக்குப் போட்டுடலாம்.”

உறையில் பசை தடவினேன். ஓரம் ஒட்டாமல் எழும்பியது. கட்டைவிரலால் அழுத்திப் பிடித்திருந்தேன். தபால் எடுக்க வந்தவர் காத்திருந்து வாங்கிக்கொண்டு போனார்.