உறவினர் அல்லது நண்பர்

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு வாரனப் என்ற சிற்றூரின் தபால் நிலையத்தைத் திறந்த கிளெனிஸ், ஒன்பது ஐந்துக்குக் கைதாகிவிட்டாள். நடுவில் இருந்த ஐந்து நிமிடத்தில் அவள் செய்தது இரண்டே காரியம். தேநீருக்குத் தண்ணீர் வைத்தாள். உள்ளே வந்த இரண்டு கோட்டுக்காரர்களைப் பார்த்து, "என்ன கண்ணுங்களா, வழி தவறிட்டீங்களா?" என்று கேட்டாள்.

வழி தவறவில்லை. பெர்த்திலிருந்து நாலு மணி நேரம் வண்டி ஓட்டிக்கொண்டு அவளைத் தேடித்தான் வந்திருந்தார்கள், ஃபெடரல் போலீஸ். பெரியவன் பெயர் லாக்யர். பெரியவன் என்றாலும் முப்பத்தைந்து வயதுதான் இருக்கும்.

"நீங்க எதுவும் சொல்லணும்னு கட்டாயம் இல்ல. ஆனா நீங்க சொல்றது எதுவா இருந்தாலும் சாட்சியமா வரலாம். புரியுதா?" என்றான்.

"புரியாம என்ன? தினமும் டிவில பாக்கறேனே" என்றாள் கிளெனிஸ்.

கவுன்ட்டருக்கு அடியில் ஹாங்காங்குக்கு அனுப்ப வைத்திருந்த பார்சலைக் கையுறை போட்டு எடுத்துக்கொண்டார்கள். எதிர்ச் சாரியில் இருந்த ஊர்க் காவல் நிலையத்துக்கு அவளை நடத்திக்கொண்டு போனபோது, பேக்கரி வாசலில் நின்ற ஏழு பேரும் கையில் இருந்த கறிப் பஃப்ஸைக் கடிக்க மறந்து பார்த்தார்கள். ஐம்பத்து மூன்று வயதில் இப்படி ஒரு ஊர்வலம்.

பின்னறையில் ஒலிப்பதிவுக் கருவியை ஓடவிட்டு, லாக்யர் உரிமைகளை ஒவ்வொன்றாகச் சொன்னான். விசாரணைக்கு நாலு மணி நேரம்தான். வக்கீலிடம் தனியாகப் பேசலாம், அந்த நேரம் கணக்கில் சேராது. தான் எங்கே இருக்கிறோம் என்று உறவினர் ஒருவருக்கோ நண்பர் ஒருவருக்கோ தெரிவிக்கலாம். ஒவ்வொன்றுக்கும் "புரியுதா?" என்று கேட்டான். தபால் நிலையத்தில் அவள் படிவம் நிரப்பச் சொல்லித்தருவதுபோலவே பொறுமையாகக் கேட்டான்.

பிறகு புகைப்படங்களை மேஜைமேல் வைத்தான்.

ஒரு பிரெட் மேக்கர், வீட்டில் ரொட்டி சுடும் இயந்திரம். அதற்குள் கறுப்புக் காலுறைகள். ஒவ்வொரு காலுறைக்குள்ளும், வாயிலிருந்து வால்வரை டேப் சுற்றிய ஒரு பாப்டெய்ல் பல்லி. இதற்குமுன் பிடிபட்டவை மொத்தம் எட்டுப் பார்சல், இருபத்தேழு பல்லிகள். பதினொன்று செத்திருந்தன. வசந்தம் வந்தால் இந்தக் குட்டைவால் பிராணிகள் ஜோடி ஜோடியாகச் சாலையைக் கடக்கும். வாரனப்பில் லாரிக்காரன்கூட வண்டியை நிறுத்தி வழிவிடுவான். கிளெனிஸே இறங்கிப்போய் எத்தனையோ தடவை ஓரமாகத் தூக்கி விட்டிருக்கிறாள்.

"இதெல்லாம் வெளிநாட்டுக்கு அனுப்பினா பத்து வருஷம் வரைக்கும் சிறை" என்றான் லாக்யர். "எட்டுப் படிவத்துலயும் அனுப்புறவர்னு உங்க பேர்தான் இருக்கு. உங்க கையெழுத்துதானே?"

அவள் கையெழுத்துதான். பார்சலைக் கொண்டுவந்தவன் அவள் தம்பி ரஸ். பழைய பிரெட் மேக்கர்களைப் பழுது பார்த்து இணையத்தில் விற்பதாகச் சொல்லியிருந்தான். வெளிநாட்டுப் பார்சல் என்றால் அனுப்புபவரின் அடையாள அட்டையைப் பார்க்க வேண்டும். ரஸ் ஒவ்வொரு முறையும் அதை வீட்டில் வைத்துவிட்டு வருவான். மூக்கொழுகிய நாளிலிருந்து பார்க்கிற சொந்தத் தம்பியிடம், அட்டையைக் காட்டு, நீ யார் என்று தெரிய வேண்டும் என்று எந்த அக்கா கேட்பாள்? அதுவும் வாரனப் மாதிரி ஊரில்? தன் பெயரையே எழுதித் தள்ளிவிட்டாள்.

என் தலையிலேயே மிளகாய் அரைத்திருக்கிறானே பாவி என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எதிரில் இருந்திருந்தால் அந்தப் பிரெட் மேக்கரை அவன் தலையில் கவிழ்த்திருப்பாள். ஆனால் திட்டுவது வேறு, போட்டுக்கொடுப்பது வேறு. வாரனப்பில் குடித்துவிட்டு ஆள்மேல் வண்டியை ஏற்றியவனைக்கூட நாலு வருஷத்தில் மன்னித்துவிடுவார்கள். போலீஸிடம் போட்டுக்கொடுத்தவனுக்கு மதுக்கடையில் பக்கத்து நாற்காலி கடைசிவரை காலியாகத்தான் இருக்கும். கூடப்பிறந்தவனைப் போட்டுக்கொடுத்தால் கேட்கவே வேண்டாம். அதனால் அவள் வாயை இறுக மூடிக்கொண்டாள். ஆனால், அவன் கொட்டகையில் இன்னும் பல்லிகள் இருந்தால்? அவனை எப்படியாவது எச்சரிக்க வேண்டும்.

"உறவினருக்குச் சொல்லலாம்னீங்களே. என் தம்பி ரஸ்ஸுக்குச் சொல்லணும்."

மாட்டேன் என்பான் என்றுதான் நினைத்தாள். லாக்யர் ஒரு கணம் அவளைப் பார்த்தான். பிறகு அவனே எண்ணை அழுத்திப் போனை நீட்டினான்.

"ரஸ், நான் நம்ம ஊர் போலீஸ் ஸ்டேஷன்ல இருக்கேன்டா. என்னைக் கைது பண்ணிட்டாங்க. கொடியில துணி காயுது, மழை வர்ற மாதிரி இருக்கு. எடுத்து வெச்சுடு."

சின்ன வயதில் அப்பா திருட்டுத்தனமாக நண்டு பிடிக்கும்போது, மீன்வளத் துறை வண்டி தெரிந்தால் பிள்ளைகள் கத்த வேண்டிய வார்த்தை அது. எல்லாவற்றையும் ஒளித்துவிடு என்று அர்த்தம். வெளியே வானத்தில் மருந்துக்குக்கூட மேகம் இல்லை.

"பயப்படாதக்கா" என்றான் ரஸ். "கேக்கறதுக்கெல்லாம் பதில் சொல்லிடு. நீ செஞ்சத ஒத்துக்கிட்டா சீக்கிரம் முடிஞ்சிடும்."

நீ செஞ்சத. அந்த வார்த்தை அவள் காதில் முள்ளாகக் குத்தியது. எதற்காகக் கைது என்றுகூட அவன் கேட்கவில்லை.

அடுத்து வக்கீல். சட்ட உதவி மையத்திலிருந்து ப்ரையனி என்ற பெண் பேசினாள். குரலை வைத்துப் பார்த்தால் கிளெனிஸுக்கு மகளாக இருக்கக்கூடிய வயதுதான். லாக்யர் வெளியே போய்க் கதவைச் சாத்தினான். கிளெனிஸ் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"தம்பிகிட்ட பேச விட்டாங்களா?" என்று ப்ரையனி கேட்டாள்.

"அந்தப் போலீஸ்காரனே நம்பர் போட்டுக் குடுத்தான். நல்ல பையன்."

"கிளெனிஸ், நல்லா கேளுங்க. கூட்டாளிக்குத் தகவல் போயிடும்னு நெனச்சா, அந்தப் போனை மறுக்கறதுக்கு அவங்களுக்குச் சட்டத்துல இடம் இருக்கு. பல்லிய யார் பிடிச்சாங்கன்னு தெரியாத போலீஸ், உங்க தம்பிகிட்ட பேச உங்கள விடவே மாட்டாங்க."

"அப்ப அவன்மேல சந்தேகமே இல்லங்கறியா?"

"ஒண்ணு அப்படி இருக்கணும். இல்லன்னா, அவர் ஏற்கெனவே எல்லாத்தையும் அவங்ககிட்ட சொல்லியிருக்கணும்." ப்ரையனி தொடர்ந்து சொன்னாள்: "அவங்க திரும்பி வந்து கேட்டா எதுக்கும் பதில் சொல்லாதீங்க. அவருக்காக இல்ல. உங்களுக்காக."

கிளெனிஸ் போனை வைத்தாள். அப்படியெல்லாம் இருக்காது, அந்தப் பெண்ணுக்கு ரஸ்ஸைத் தெரியாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

லாக்யர் திரும்பி வந்து மடிக்கணினியைத் திறந்தான். "ஒரு பதிவு போடப்போறேன். போன ஞாயித்துக்கிழமை எடுத்தது."

முதலில் கத்தி தட்டில் உரசும் சத்தம். பின்னாலேயே அவள் நாய் குரைக்கும் சத்தம். பிறகு ரஸ்ஸின் குரல், வாய் நிறைய உருளைக்கிழங்கோடு: "அக்கா, அந்த ஹாங்காங் பார்சல் எல்லாமே உன் பேர்லதானே அனுப்பற?"

அதற்கு அவளுடைய சிரிப்பு. "ஆமாடா! எல்லாம் நான்தான். இந்த ஊர்ல பெரிய ஏற்றுமதிக்காரி யாரு, நான்தானே! இன்னும் ரெண்டு துண்டு கறி போடட்டுமா?"

அன்று அவள் வீட்டுச் சாப்பாட்டில் அவன் மூன்றாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டான். மிச்சத்தை டப்பாவில் போட்டுக்கொடுத்ததும் அவள்தான். அவன் சட்டைக்குள் போலீஸின் ஒலிப்பதிவுக் கருவி ஓடிக்கொண்டிருந்தபோது, கிளம்புகிறவனைக் கட்டிப்பிடித்து அனுப்பியதும் அவள்தான். அழக்கூடாது என்று நினைத்தாள், ஆனால் அழுதுவிட்டாள்.

"அவன் எப்ப உங்ககிட்ட வந்தான்? நீங்க பிடிச்சீங்களா, அவனா வந்தானா?"

"அதுக்கு நான் பதில் சொல்ல முடியாது."

"ஓ, வாய மூடிக்கற உரிமை உனக்கும் உண்டா!" என்று அழுகைக்கு நடுவே சிரித்தாள்.

லாக்யர் மேஜையைப் பார்த்துக்கொண்டு கேட்டான். "பெட்டிகளைக் கொண்டுவந்து குடுத்தது யாரு?"

ரஸ்ஸின் பெயர் நாக்கு நுனியில் நின்றது. காலையில் அவனைக் காப்பாற்ற எந்த வாயை மூடினாளோ, அதையே இப்போது தன்னைக் காப்பாற்ற மூட வேண்டியிருந்தது. இரண்டாவதுதான் கடினமாக இருந்தது. "வக்கீல் இல்லாம சொல்ல மாட்டேன்" என்றாள். கடைசிவரை அதையேதான் சொன்னாள்.

பிற்பகல் இரண்டு மணிக்குக் குற்றம் சாட்டி, ஜாமீனில் விட்டார்கள். ஊர் சார்ஜன்ட் மெர்வ், அவளோடு பள்ளியில் படித்தவன், படிவத்தை வாசித்துக் காட்டினான். பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும். அரசுத் தரப்புச் சாட்சியான ரஸ்ஸை நெருங்கவோ, அவனிடம் பேசவோ கூடாது.

"அவசரத்துக்குத் தெரிவிக்க வேண்டிய உறவினர் அல்லது நண்பர்னு ஒரு கட்டம் இருக்கு, கிளெனிஸ். யார் பேரைப் போடட்டும்?"

"காலியா விடு."

வெளியே வெயில் கொளுத்தியது. எதிர்ப்புறம் ரஸ்ஸின் வண்டி நின்றது. வரக்கூடாது என்று அவனிடமும் சொல்லியிருப்பார்கள். சொன்னதைக் கேட்டு அவனுக்குப் பழக்கமில்லை. கழுவிய கறி டப்பாவைக் கையில் பிடித்தபடி கதவில் சாய்ந்து நின்றான். முகம் செத்துப்போயிருந்தது.

ஏண்டா? அந்த ஒரு வார்த்தையைக் கேட்டுவிட்டால் போதும் என்றிருந்தது அவளுக்கு. மெர்வ் அவள் முழங்கையைப் பிடித்தான். "வேண்டாம்மா. அவன்கிட்ட ஒரு வார்த்தை பேசினாலும் நான் உன்ன மறுபடி உள்ள கூட்டிட்டுப் போகணும்."

"உன்கிட்ட பேசலாம்ல?" என்றாள் கிளெனிஸ். மெர்வைப் பார்த்து, ஆனால் தெரு முழுக்கக் கேட்கும்படி பேசினாள். "மெர்வ், காலைல அந்தப் பெர்த் பையன் என்கிட்ட ஒரு கேள்விகூடக் கேக்கறதுக்கு முன்னாடி என்ன சொன்னான் தெரியுமா? நீங்க எதுவும் சொல்ல வேண்டாம், சொன்னா அது சாட்சியமா வரும்னு சொன்னான். முன்னபின்ன தெரியாதவன் அத்தன மரியாதையா எச்சரிச்சான். ஞாயித்துக்கிழமை என் மேஜைல உக்காந்து என் கறியத் தின்னவன் சொல்லலியே."

ரஸ் டப்பாவை வண்டியின் முன்பக்கத்தில் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். கிளெனிஸ் தெருவைக் கடக்காமல், இந்தப் பக்கமாகவே நடந்து வீட்டுக்குப் போனாள்.